உத்தமன் மாமாவின் கியர் பெட்டி

ஒரு காரின் கியர் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு பெட்டி வைப்பதா, இல்லை அதையே பிரித்துச் சரிசெய்வதா என்று ஒரு மனுஷன் எத்தனை நாள் யோசிக்கலாம்? ஒரு நாள் யோசிக்கலாம். வண்டி மேல் ரொம்பப் பாசம் என்றால் ஒரு வாரம். என் அக்கா புருஷன் உத்தமன் ஒரு வருஷத்துக்கு மேல் யோசித்தார். அந்த வருஷம் முழுக்க அவரை என் ஸ்கூட்டரின் பின்னால் உட்காரவைத்து அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று சுமந்து திரிந்தவன் பார்த்தன் என்கிற நான். ஆகையால் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாமா கள்ளிக்குப்பத்தில் பிறந்தவர். அவருடைய அப்பாவும் அம்மாவும் அங்கே இருந்த வயல்களில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். வயல் போய் எஸ்டேட் என்கிற தொழிற்பேட்டை வந்தது. மாமாவுக்கு ஒரு போல்ட்டு கம்பெனியின் கேட்டில் ஆள் வரும் நேரம் போகும் நேரம் குறிக்கிற வேலை கிடைத்தது. உட்கார்ந்து பார்க்கிற வேலை. அதனால்தான் அவருக்குக் கொடுத்தார்கள். சின்னக் குழந்தையாக இருக்கும்போது வந்த காய்ச்சலில் அவருடைய இடது கால் சூம்பிவிட்டது. இடது கையால் தொடையை அழுத்திக்கொண்டுதான் ஒவ்வொரு அடியும் வைப்பார். தெருவில் இரண்டு உத்தமன்கள் இருந்தார்கள். எந்த உத்தமன் என்று யாராவது கேட்டால் ‘நொண்டி உத்தமன்’ என்று கூசாமல் சொல்வார்கள். அவர் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். அவரும் ‘இன்னாப்பா’ என்று திரும்பிப் பார்ப்பார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

எண்பத்துநாலில் ஒருநாள் கம்பெனி லாரிக்கு ஏதோ சாமான் தேட டிரைவரோடு புதுப்பேட்டைக்குப் போனார். அங்கே உடைப்பதற்காக நிறுத்தியிருந்த பழைய வண்டிகளுக்கு நடுவில் ஒரு அமெரிக்கக் கார். அறுபதுகளில் வந்த வண்டி, ஸ்டீயரிங் இடது பக்கம். மேலே கூரை இல்லை, பின்பக்கம் இறக்கை வைத்தமாதிரி நீண்டு கிடக்கும். டிரைவர் அதன் நீளத்தைப் பார்த்துச் சிரித்தாராம். மாமா எட்டி உள்ளே பார்த்தார். காலுக்குக் கீழே இரண்டே பெடல். ஒன்று ஓட, ஒன்று நிற்க. கிளட்ச் கிடையாது, கியரைத் தானே மாற்றிக்கொள்கிற ஆட்டோமேட்டிக். இடது காலுக்கு அந்த வண்டியில் வேலையே இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து அக்காவிடம், “லோகா, எனுக்குன்னே ஒருத்தன் வண்டி செஞ்சு வெச்சிகீறான்” என்றாராம். அக்கா ஏதோ மூன்று சக்கர சைக்கிள் என்று நினைத்துக்கொண்டு சரி என்று தலையாட்டிவிட்டாள். மறுவாரம் தெருவை அடைத்துக்கொண்டு அது வந்து நின்றபோது அவள் போட்ட சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. லைசென்ஸுக்காக மாமா அலைந்த அலைச்சல் தனிக் கதை, அதை விட்டுவிடுகிறேன். தெருக்காரர்கள் வண்டிக்குக் ‘கப்பல்’ என்று பெயர் வைத்தார்கள்.

கப்பலை எதற்கு வைத்துக்கொள்வது என்று எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தபோது விடை தானாக வந்தது. மாப்பிள்ளை அழைப்பு. திறந்த கார், அதில் மாலையோடு மாப்பிள்ளை, முன்னால் நாதஸ்வரம், இரண்டு பக்கமும் டியூப் லைட் தூக்குகிறவர்கள். வண்டி நடக்கிற வேகத்தைவிட மெதுவாகப் போகவேண்டும். அம்பாசிடர் டிரைவர்கள் அரை கிளட்ச்சில் காலை வைத்துக்கொண்டு ஓட்டுவார்கள். வண்டி விக்கும், மாப்பிள்ளை தலைப்பாகை முன்னால் விழும், கிளட்ச் தீய்கிற நாற்றத்தில் மல்லிகைப்பூ வாசம் அடிபட்டுப் போகும். கப்பலில் அந்தத் தொல்லை இல்லை. பிரேக்கிலிருந்து காலைக் கொஞ்சம் எடுத்தால் தானாக நகரும், அழுத்தினால் நிற்கும். நாதஸ்வரக்காரர் நின்று ஒரு ராகத்தை இழுத்தால் வண்டியும் நின்று கேட்கும்.

நான் பார்த்திருக்கிறேன். வெள்ளைச் சட்டை, சீவிய தலை, வலது கை ஸ்டீயரிங்கில், இடது கை கதவின்மேல். அந்த இடது கைக்குத் தொடையை அழுத்துகிற வேலை அப்போது இல்லை. ஜனங்கள் இரண்டு பக்கமும் நின்று பார்ப்பார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் அவர் நொண்டி என்று தெரியாது. கொஞ்ச நாளில் தெருவிலும் பெயர் மாறியது. எந்த உத்தமன் என்றால், ‘கார்க்கார உத்தமன்’. இப்படி ஐந்து வருஷம் ஓடியது.

எண்பத்தொன்பது தை மாசம் ஆவடியில் ஒரு கல்யாணம். நானும் போயிருந்தேன். மாப்பிள்ளையை ஏற்றியாகிவிட்டது, ஆரத்தி சுற்றி வண்டிக்கு முன்னால் ஊற்றியாகிவிட்டது, மேளம் ஆரம்பித்தாகிவிட்டது. மாமா பிரேக்கை விட்டார். வண்டி நகரவில்லை. ஆக்ஸிலேட்டரை மிதித்தார். எஞ்சின் ஊரைக் கூட்டியது, சக்கரம் அசையவில்லை. கடைசியில் மாப்பிள்ளையின் நண்பர்கள் பின்னால் கை கொடுத்து மண்டபம் வரைக்கும் தள்ளினார்கள். மாமா ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலையில் கள்ளிக்குப்பத்துக்குப் போனேன். மாமா, ராத்திரியே கட்டி இழுத்து வந்த வண்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். நெற்றியில் சிவப்புப் பொட்டு. ஒவ்வொரு கல்யாணத்திலும் வண்டிக்கு முன்னால் ஊற்றுகிற ஆரத்தியில் விரலை வைத்துத் தன் நெற்றியில் ஒன்று, ஸ்டீயரிங்கில் ஒன்று வைத்துக்கொள்வது அவர் வழக்கம். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த தண்ணீர் ஒரு மணி நேரத்தில் காய்ந்து உதிர்ந்துவிடும். இவருடைய பொட்டு ராத்திரி தூங்கி எழுந்தும் காயாமல் பளபளவென்று இருந்தது. மூக்கு வரைக்கும் கொஞ்சம் வழிந்தும் இருந்தது.

“மாமா, கொஞ்சம் கிட்ட வாங்க” என்று விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தேன். கருகின எண்ணெய் நாற்றம்.

“இது ஆரத்தி இல்ல மாமா. ஆயிலு.”

“இன்னா ஒளற்ற மச்சான்? ஆயிலு கறுப்பா இல்ல இருக்கும்?”

எஞ்சினைப் போடச் சொல்லிவிட்டு முன்னால் குனிந்து பார்த்தேன். ரேடியேட்டர் பக்கம் போகிற ஒரு ரப்பர் குழாயிலிருந்து மிச்சமிருந்த நாலைந்து சொட்டு விழுந்தது. நல்ல குங்குமச் சிவப்பு. அந்த ஜாதி கியர் பெட்டிக்கு ஊற்றுகிற ஆயில் சிவப்பாகத்தான் இருக்குமாம். எஞ்சின் ஓடினால்தான் ஒழுகும், நிறுத்தினால் நின்றுவிடும். வீட்டில் நிற்கும்போது தரை சுத்தமாக இருக்கும். ஊர்வலத்தில் ஒழுகும், அங்கே வண்டிக்கு முன்னால் சிவப்பாக ஈரம் இருந்தால் யார் சந்தேகப்படுவார்கள்? எத்தனை முகூர்த்தமாக ஒழுகியதோ, எத்தனை பேர் அதை மிதித்துக்கொண்டு போனார்களோ. பெட்டியின் உயிரை இந்த மனுஷன் தொட்டுத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பதா அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

குழாயை மாற்றினோம். சிவப்பு ஆயில் தேடி வாங்கி ஊற்றினோம். கப்பல் தெருமுனை வரைக்கும் முனகிக்கொண்டு போய் அங்கேயே படுத்துவிட்டது. உள்ளே எல்லாம் தீய்ந்துவிட்டது.

அங்கிருந்து ஆரம்பித்தது என் தலைவிதி. முதலில் குமணன்சாவடி பால்ராஜ். பெங்களூர் ரோட்டில் வேலை செய்கிற மெக்கானிக், எந்த வண்டியைக் கொண்டுபோனாலும் அதன் வயிற்றில் இருப்பதை எடுத்துவிட்டு அம்பாசிடர் சாமானை வைத்துவிடுகிறவன்.

“அண்ணாத்தே, இது இன்னா பெரிய விசயம்? அம்பாசிடர் பொட்டி ஒண்ணு நல்லதா கீது. அடியில கொஞ்சம் வெட்டிட்டுக் குந்த வெச்சா முடிஞ்சுது. ஒரே வாரம்” என்றான்.

“கிளட்ச்சு?” என்றார் மாமா.

“கிளட்ச்சு இல்லாத கியரா? மூணாவதா ஒரு பெடல் வரும்.”

மாமா தன் காலைப் பார்த்தார். பால்ராஜும் பார்த்தான். பார்த்துவிட்டு, “அதுக்கின்னா, ஒரு டிரைவரப் போட்டுக்க அண்ணாத்தே. நீ ஓனரு. பின்னாடி ஜம்முனு குந்திகினு வா” என்றான்.

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. திரும்பி வரும்போது ஸ்கூட்டரில் அதையே எடுத்துச் சொல்லிக்கொண்டு வந்தேன். திருவேற்காடு தாண்டினோம். அப்புறம், “பின்னாடி குந்திகினு போறதுக்கு எனுக்கு இன்னாத்துக்கு மச்சான் காரு? அதான் உன் ஸ்கூட்டர்ல குந்திகினு கீறனே” என்றார்.

அடுத்தது ஆவடி. ராணுவ டாங்கி பேக்டரி குவார்ட்டர்ஸில் செங்கல்வராயன் என்று ஒருவர். வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து அங்கே பிட்டராக இருப்பவர். யாரோ சொல்லி மாமா பிடித்துக்கொண்டார். அவர் காரைப் பார்க்கக்கூட இல்லை.

“மாத்தறதாவது? யாருங்க அவன் அப்படிச் சொன்னது? மலை மாதிரி டாங்கியவே பிரிச்சு மாட்டறவங்க நாங்க. இது ஒரு பொம்மை. பெட்டிய எறக்கிக் கொடுங்க, பிரிச்சு, தேஞ்சத மாத்தி, புதுசாட்டமா தர்றேன்” என்றார். அவர் பேசுகிற வேகத்தில் நமக்கே நாலு டாங்கியைப் பிரித்த மாதிரி இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியைக் கப்பலிலிருந்து இறக்கி ஆவடிக்கு ஏற்றிக்கொண்டு போனோம். செங்கல்வராயன் தன் குவார்ட்டர்ஸின் பின்தாழ்வாரத்தில் செய்தித்தாளை விரித்து ஒவ்வொன்றாகப் பிரித்து வரிசையாக வைத்தார். தட்டுகள், ஸ்பிரிங்குகள், கோலிக்குண்டு மாதிரி இரும்புக் குண்டுகள், விதவிதமான ரப்பர் வளையங்கள். “வரிசை மாறாம இருந்தா கண்ண மூடிகிட்டு மாட்டிடுவேன்” என்றார். அந்த வரிசை அங்கேயே மாசக்கணக்கில் கிடந்தது. ரப்பர் வளையங்களை அளவு பார்த்து எஸ்டேட்டில் புதிதாகச் செய்யச் சொல்லவேண்டும் என்றார். அடுத்த ஞாயிறு என்றார். அதற்கடுத்த ஞாயிறு என்றார்.

தொண்ணூறு பிறந்தது, போகி வந்தது. செங்கல்வராயன் வீட்டம்மா பார்வதம் விடியற்காலையில் வீட்டைச் சுத்தம் செய்தார்கள். செய்தித்தாளைச் சுருட்டினார்கள். இரும்பையெல்லாம் அன்னக்கூடையில் அள்ளிக் கொட்டினார்கள். ரப்பர் என்றால் போகிக்கு நன்றாக எரியும் அல்லவா? அளவுக்காக வைத்திருந்த அத்தனை வளையங்களும் பழைய பாயோடும் கிழிந்த டயரோடும் நெருப்பில் போயின. நாங்கள் பொங்கலுக்குப் போனபோது செங்கல்வராயன் கூடையைக் காட்டி, “எல்லாம் இதுலதான் இருக்கு” என்றார். அந்த அம்மா எங்களுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து வைத்தார்கள். நான் வாயில் போட்டுக்கொண்டதால் பேச முடியவில்லை.

பழைய குருடி கதவைத் திறடி என்று மறுபடி குமணன்சாவடி. பால்ராஜ் ஒரு அம்பாசிடர் பெட்டியைக் கொண்டுவந்து அக்கா வீட்டு வாசலில் இறக்கினான். பொருத்துவதற்குக் காரின் அடியில் தகடை வெட்டவேண்டும். இரும்பறுக்கிற பிளேடை அவன் எடுத்தபோது மாமா, “இருப்பா, யோசிச்சு சொல்றேன்” என்றார். பெட்டி வாசலிலேயே தங்கிவிட்டது. அக்கா அதன்மேல் கோணியைப் போட்டு உட்கார்ந்து கீரை ஆய ஆரம்பித்தாள்.

மாமா யாரிடம் கடைசியாகப் பேசினாரோ அவர் பக்கம். குமணன்சாவடியிலிருந்து வரும்போது “மாத்திட வேண்டிதுதான்” என்பார். ஆவடியிலிருந்து வரும்போது “பிரிச்சதப் பாதியில உடக்கூடாது” என்பார். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று சொல்ல நாக்கு வரை வரும். காலைப் பற்றிய பழமொழியை அவரிடம் எப்படிச் சொல்வது என்று விழுங்கிக்கொள்வேன். கடைசியில் பொறுக்க முடியாமல், “அம்மன் கோயில்ல பூ கட்டிப் பாருங்க மாமா, எனக்கு விடுதலை கொடுங்க” என்றேன்.

போனோம். சிவப்புப் பூ வந்தால் மாற்றுவது, வெள்ளைப் பூ வந்தால் பிரித்துச் சரிசெய்வது. இரண்டையும் தனித்தனியாகக் காகிதத்தில் மடித்து அம்மன் காலடியில் போட்டார்கள். பூசாரி ஒன்றை எடுத்தார். சிவப்பு.

“அம்மனுக்கு செவப்புன்னாலே இஷ்டம். அதான் அத எடுத்துச்சு. இது கணக்குல சேராது” என்றார் மாமா.

சிவப்புக்குப் பதிலாக மஞ்சள் பூ வைத்து மறுபடி போட்டார்கள். மறுபடி மாற்றுவதுதான் வந்தது. மாமா கர்ப்பக்கிருகத்தைப் பார்த்து, “பாவம், அதுக்கு ஆட்டோமேட்டிக் பத்தி இன்னா தெரியும்?” என்றார். பூசாரி என்னைப் பார்த்தார். நான் கோபுரத்தைப் பார்த்தேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அக்காவிடம் கத்தினேன். இந்த மனுஷனுக்குப் புத்தி இருக்கிறதா, இரண்டில் ஒன்றைச் சொன்னால் என்ன என்று. அக்கா அம்பாசிடர் பெட்டிமேல் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்.

“டேய் பார்த்தா, மாத்திட்டா அது எவனோ ஒரு டிரைவரோட வண்டி. பிரிச்சு மாட்டி ஓடலன்னா காயலாங்கடைக்குப் போவும். யோசிச்சுகினு கீற வரைக்குந்தாண்டா அது அவுரு வண்டி. உனுக்குக் காலு ரெண்டும் நல்லா கீது, அதான் கத்தற.”

அவள் சொன்னது புரிந்தது. எரிச்சல் மட்டும் போகவில்லை.

இந்த லட்சணத்தில் இன்னொன்றும் நடந்தது. ஞாயிறுதோறும் ஆவடிக்குப் போய்ப் போய் இரண்டு குடும்பமும் நெருங்கிவிட்டன. செங்கல்வராயனுக்கு ஒரே பையன், தங்கவேல். அதே பேக்டரியில் வேலை, அப்பாவைப் போலப் பேசாத பையன். விசாரித்ததில் தூரத்துச் சொந்தம் என்று வேறு தெரிந்தது. மாமாவுக்கு ஒரே பெண், சாமுண்டீஸ்வரி. கியர் பெட்டி கூடவில்லை, சம்பந்தம் கூடிவிட்டது. அதுவரைக்கும் செங்கல்வராயனை நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று நான் நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இனிமேல் மாப்பிள்ளையின் அப்பாவை யார் கேட்பது?

நிச்சயதார்த்தத்தில் மாமா எல்லார் முன்னாலும் சொன்னார். “ஊர்ல இருக்கற மாப்ளைங்களையெல்லாம் இட்டாந்தேன். என் மாப்ளைய நான் ஓட்டிகினு வந்து எறக்குவேன்.” சபை கைதட்டியது. “ஆவணி முகூர்த்தத்துக்குள்ள பெட்டி ரெடி சம்பந்தி!” என்று செங்கல்வராயன் தொடையைத் தட்டினார். சாமுண்டி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த விஷயம் வண்டியோடு நிற்கிற விஷயம் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. வாக்குத் தவறினால் மாமா சபையில் மறுபடி நொண்டி உத்தமனாகத்தான் நிற்பார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள். சாயங்காலம் தெருமுனைப் பிள்ளையார் கோயிலிலிருந்து மாப்பிள்ளை அழைப்பு. மண்டபம் கூப்பிடு தூரம். காலையில் செங்கல்வராயன் ஆட்டோவில் வந்து இறங்கினார். சாக்கில் கியர் பெட்டி, வளையங்களைக் குத்துமதிப்பாகச் செய்து போட்டு முழுசாக மாட்டியாகிவிட்டது. மாமாவின் முகம் மலர்ந்தது. அப்புறம் செங்கல்வராயன் சட்டைப் பையில் கையை விட்டு ஒரு இரும்புக் குண்டையும் ஒரு வளைந்த தகடையும் எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, “இது ரெண்டு மட்டும் மீந்துபோச்சு சம்பந்தி. எங்க போகணும்னு தெரியல” என்றார்.

கல்யாண வேலைக்கு வந்திருந்த பால்ராஜ் விழுந்து விழுந்து சிரித்தான். “நான் அப்பவே சொன்னேன், மாத்திடுன்னு!”

“மாத்திக் கிழிச்ச. அடியில வெட்டிருந்தா வண்டி ரெண்டா போயிருக்கும்” என்றார் செங்கல்வராயன்.

நான் யாரிடமும் சொல்லாமல் ஒரு அம்பாசிடருக்கு ஏற்பாடு செய்துவைத்திருந்தேன். அதை அப்போது சொன்னேன். மாமா என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “நல்லது செஞ்ச மச்சான்” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார். தொடையை அழுத்திக்கொண்டு வாசலுக்குப் போனார். வாளியில் தண்ணீரும் துணியும் எடுத்துக்கொண்டு, கியர் பெட்டி இல்லாமல் நிற்கிற கப்பலைத் துடைக்க ஆரம்பித்தார். யாரும் கேட்கவில்லை, யாருக்கும் தேவையில்லை. சாயங்காலத்துக்குள் அதைக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டார்.

அம்பாசிடர் வந்து நின்றது. அக்கா பட்டுப்புடவையோடு வெளியே வந்தாள். அம்பாசிடரைப் பார்த்தாள். கப்பலைப் பார்த்தாள். கப்பலின் பம்பரில் சாய்ந்து நிற்கிற புருஷனைப் பார்த்தாள். அவளுக்கு வந்ததே கோபம்.

“ஏன்யா, நடக்கற வேகத்துல போற ஊர்கோலத்துக்குப் பொட்டி எதுக்குய்யா? போன வாட்டி ஆவடியில பொட்டி செத்த அன்னிக்கு மண்டபம் வரைக்கும் எப்டி போன? தள்ளிகினுதான போனாங்க? ஸ்டேரிங்கு உன் கையிலதான இருந்துச்சு? பிரேக்கு கீதுல்ல? குந்து! இத்தினி பேரு தின்னுட்டுச் சும்மாதான நிக்கறானுங்க, தள்ளட்டும்!”

ஒரு வருஷம் அலைந்தோமே, இது ஏன் ஒருத்தன் மண்டையிலும் உதிக்கவில்லை? பால்ராஜுக்கு மாற்றத்தான் தெரியும், செங்கல்வராயனுக்குப் பிரிக்கத்தான் தெரியும், எனக்குக் கத்தத்தான் தெரியும். அம்பாசிடர்காரரிடம் மன்னிப்புக் கேட்டு, பெரியவர்களை மண்டபத்துக்கு ஏற்றிப்போகச் சொல்லி அனுப்பினேன்.

மாப்பிள்ளை தள்ளு வண்டியில் வருவாரா என்று ஒரு கேள்வி வந்தது. தங்கவேல் அன்றைக்குத்தான் முதல் தடவையாக வாயைத் திறந்தான். “எங்க அப்பா பண்ண வேலைக்கு நானே எறங்கித் தள்ளணும். ஏறி உக்கார்றேன், விடுங்க” என்றான்.

பிள்ளையார் கோயில் முன்னால் மாப்பிள்ளை ஏறினார். பெண்கள் ஆரத்தி சுற்றி வண்டிக்கு முன்னால் ஊற்றினார்கள். மாமா ஸ்டீயரிங்கிலிருந்து எட்டிப் பார்த்து என்னைக் கூப்பிட்டார்.

“மச்சான், அத்தக் கொஞ்சம் தொட்டுப் பாரு.”

தொட்டு முகர்ந்தேன். மஞ்சள், சுண்ணாம்பு. “ஆரத்திதான் மாமா” என்றேன். அந்த விரலாலேயே அவர் நெற்றியில் ஒரு பொட்டு வைத்துவிட்டேன். ஏன் வைத்தேன் என்று தெரியாது.

மேளம் கிளம்பியது. பெண்ணின் தாய்மாமன் நான், சீர்த்தட்டோடு முன்னால் பட்டுவேட்டி கட்டி நடக்கவேண்டியவன். பின்னால் போய் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு தள்ளினேன். எனக்கு வலப்பக்கம் பால்ராஜ், இடப்பக்கம் செங்கல்வராயன், சுற்றிலும் குவார்ட்டர்ஸ் பையன்கள். கப்பல் அசைந்தது. மாமா பிரேக்கை விடுவதும் பிடிப்பதும் எங்கள் தோளில் தெரிந்தது. நாதஸ்வரக்காரர் நின்றால் மாமா அழுத்துவார், நாங்கள் வண்டியில் முட்டிக்கொள்வோம். எஞ்சின் சத்தம் இல்லாததால் மேளம் இன்னும் நன்றாகக் கேட்டது. வழிநெடுக இந்த இரண்டு பேரும், மாற்றியிருக்கவேண்டும், இல்லை சரிசெய்திருக்கவேண்டும் என்று என் தலைக்கு மேல் சண்டை போட்டுக்கொண்டே தள்ளினார்கள்.

பின்னாலிருந்து நான் பார்த்தது மாமாவின் இடது கையைத்தான். கதவின்மேல் சும்மா கிடந்தது. முன்னால் மண்டபத்தில் சாமுண்டி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி வாசல் மாக்கோலத்துக்கு ஒரு சாண் முன்னால் பூ மாதிரி நின்றது. எனக்கு அழுகை வந்தது. முதுகு போன எரிச்சலும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததை என்ன சொல்வது என்று தெரியவில்லை.

அதற்கப்புறமும் கப்பல் அப்படியேதான் நிற்கிறது. அம்பாசிடர் பெட்டிமேல் அக்கா கீரை ஆய்கிறாள். பழைய பெட்டி, மீந்துபோன இரண்டு சாமானோடு கட்டிலுக்கடியில் இருக்கிறது. மாற்றவா, மாட்டவா என்று கேட்டால், “யோசிச்சுகினு கீறேன்” என்கிறார்.

கல்யாண ஆல்பத்தில் ஒரு படம் உண்டு. முன்னாலிருந்து எடுத்தது. பெரிய கார், பின்சீட்டில் மாலையோடு மாப்பிள்ளை, ஸ்டீயரிங்கில் வெள்ளைச் சட்டையும் சிவப்புப் பொட்டுமாக மாமா. தள்ளுகிறவர்கள் ஒருத்தர் தலைகூட அதில் விழவில்லை. வீட்டுக்கு வருகிற எல்லாருக்கும் மாமா அதைக் காட்டுவார். அவர்கள், “அப்போ வண்டி நல்லா ஓடிச்சா?” என்று கேட்பார்கள்.

“சூப்பரா ஓடிச்சு. நான்தான் ஓட்டினேன்” என்பார்.

சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பார். நான் வாயைத் திறப்பதில்லை.